கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்: கிளட்ச் கோளாறை அறிகுறி வழியே கண்டறியும் முறை

கிளட்ச் சரியில்லை என்று பட்டறைக்குக் கொண்டுவரப்படும் கார்களுக்குப் பெரும்பாலும் ஒரே தீர்வுதான் சொல்லப்படுகிறது: கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றிவிடுவது. பிளேட் தேய்ந்திருந்தால் அதுவே சரியான தீர்வு. ஆனால் கேபிள் நைந்ததால் வந்த கோளாறுக்கும், எண்ணெய் அழுத்தத்தால் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கசிந்ததால் வந்த கோளாறுக்கும், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் அறுந்ததால் வந்த அதிர்வுக்கும் அதே செட்டை மாற்றினால், செலவெல்லாம் முடிந்த பிறகும் வண்டி பழைய குறையோடுதான் வெளியே வரும். புதுச்சேரியிலிருந்து கடலூர் முதுநகர் வரையிலான கடலோரத்தில் ஓடும் வண்டிகளுக்கு இதை அழுத்தியே சொல்ல வேண்டும். உப்புக் காற்றும் ஈரமும் முதலில் அரிப்பது, கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்குக்கு வெளியே இருக்கும் கேபிளையும் சிலிண்டர்களையும் இணைப்புகளையும்தான். ஆகவே ஒவ்வொரு அறிகுறியிலும் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, கோளாறு பெல் ஹவுசிங்குக்கு வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்பது.

பெடலை மிதிக்காத நிலையில், பிரஷர் பிளேட்டில் உள்ள டயஃப்ரம் ஸ்பிரிங், கிளட்ச் பிளேட்டை எஞ்சினோடு சுழலும் பிளைவீலின் மேல் அழுத்திப் பிடித்திருக்கிறது. பிளேட்டின் நடுத்துளை கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பற்களில் கோத்திருப்பதால் எஞ்சினின் சுழற்சி அப்படியே கியர்பாக்ஸுக்குச் செல்கிறது. பெடலை மிதித்ததும் கேபிளோ ஹைட்ராலிக் (எண்ணெய்) அழுத்தமோ ஃபோர்க் எனும் நெம்புகோலை நகர்த்துகிறது. ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கை டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் மேல் தள்ளுகிறது. அழுத்தம் விலகிப் பிளேட் விடுபடுகிறது. பிடிக்க வேண்டிய நேரத்தில் முழுதாகப் பிடிக்காமல் போவது, விட வேண்டிய நேரத்தில் முழுதாக விடாமல் போவது ஆகிய இரண்டும்தான் கிளட்சின் அடிப்படைக் கோளாறுகள். அதிர்வையும் ஒலியையும் பெடலின் நடத்தையையும் தனியே பார்க்கலாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியவை

ஓட்டுநர் காலடியில் தடித்த மிதியடி இரண்டடுக்காகக் கிடந்து பெடலைத் தரை வரை போக விடாமல் தடுக்கிறதா என்று பாருங்கள். இது அற்பமாகத் தோன்றலாம்; ஆனால் கிளட்ச் முழுதாக விடுபடுவதற்குப் பெடலின் கடைசிப் பகுதி ஓட்டமும் தேவைப்படுகிறது. பிறகு பெடலை விரலால் மெல்ல அழுத்தி, எதிர்ப்பு தொடங்குவதற்கு முன் அது எவ்வளவு தூரம் சும்மா நகர்கிறது என்று அளவுகோல் வைத்து அளக்க வேண்டும். கேபிள் உள்ள பல சிறிய கார்களில் இந்த ஃப்ரீ பிளே ஏறத்தாழ 10 முதல் 25 மி.மீ. வரை இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான துல்லியமான அளவைக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

மாருதி 800, ஆல்டோ போன்ற வண்டிகளில் கேபிள்தான் வேலை செய்கிறது. கேபிளின் வெளியுறையில் வெடிப்பு இருக்கிறதா, உள்கம்பியின் இழைகள் முனையில் பிரிந்திருக்கின்றனவா, துரு ஏறி இழுவை கரகரப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். சில்வர் பீச் பக்கமோ தேவனாம்பட்டினத்திலோ வெட்டவெளியில் நிற்கும் வண்டிகளில், பிளேட் நன்றாக இருக்கும்போதே கேபிள் செத்துவிடுவது உண்டு.

ஹைட்ராலிக் வண்டிகளில் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். பல வண்டிகளில் பிரேக் ஆயில் டப்பாவிலிருந்தே கிளட்சுக்கும் எண்ணெய் போகிறது. மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். மேலே ஊற்றி நிரப்புவதோடு நிறுத்திவிடக் கூடாது. காலடியில் பெடலின் தள்ளுதண்டு எஞ்சின் பக்கம் நுழையும் இடத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தால், பெடலை மிதிக்கும்போது எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் கசிவு தெரியும். கியர்பாக்ஸின் மேல் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தால் அதன் கசிவு தெரியும். சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் ரிலீஸ் பேரிங்கோடு ஒன்றாக, இன்புட் ஷாஃப்டைச் சுற்றி, பெல் ஹவுசிங்குக்குள்ளேயே அமைந்திருக்கும். அது கசிந்தால் கியர்பாக்ஸை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

எஞ்சின் இரைகிறது, வண்டி ஓடவில்லை

ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஆர்.பி.எம். முள் மட்டும் ஏறி, வேகம் அதற்கு ஈடாக ஏறாமல் போவதுதான் கிளட்ச் ஸ்லிப். தொடக்கத்தில் இது உயர்ந்த கியரிலும் நிறைந்த பாரத்திலும் மட்டுமே தலைகாட்டும். நம் வட்டாரத்தின் தரை பெரும்பாலும் சமதளம் என்பதால் இதை நெடுநாள் உணராமலே ஓட்ட முடிகிறது. கேப்பர் மலை, கோரிமேடு, ரயில்வே மேம்பாலங்கள் ஆகியவற்றை விட்டால் எஞ்சினுக்குப் பாரம் தரும் ஏற்றம் அதிகமில்லை. கடலூரில் குறையில்லாமல் ஓடிய வண்டி, குடும்பத்தோடு ஏற்காடு போகும்போது மலைப்பாதையின் வளைவில் கருகல் வாடையோடு நின்றுபோவதற்கு இதுவே காரணம். மலைப் பயணத்துக்கு முன் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளுமாறு அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் நான்காவது கியரில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். எஞ்சினின் இரைச்சலும் வேகமும் ஒன்றாகவே ஏறினால் கிளட்ச் பிடிக்கிறது. இரைச்சல் சட்டென முந்தினால் ஸ்லிப் ஆகிறது. வண்டியை நிறுத்தி வைத்தும் சோதிக்கலாம். முன்னும் பின்னும் ஆளில்லாத இடத்தில் கை பிரேக்கை முழுதாக இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, மூன்றாவது கியரில் பெடலை மெல்ல விட்டால் எஞ்சின் உடனே அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. ஒவ்வொரு முறையும் பிளேட் சூடேறுவதால் இதை ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை செய்தால் போதும்.

ஸ்லிப் உறுதியானதும் கியர்பாக்ஸை இறக்கச் சொல்ல வேண்டாம். ஃப்ரீ பிளே துளியும் இல்லாமல் கேபிள் இறுகியிருந்தால் ரிலீஸ் பேரிங் எப்போதும் ஸ்பிரிங்கின் மேல் சாய்ந்தே இருக்கும். யாரோ பெடலை இலேசாக மிதித்துக்கொண்டே இருப்பதற்கு அது சமம். பிளேட் தேயத் தேய, அழுத்தப்படாத ஸ்பிரிங்கின் விரல்கள் பேரிங்கை நோக்கி நகர்வதால், முன்பு சரியாக இருந்த ஃப்ரீ பிளே தானாகவே குறைந்துபோகும். சரிசெய்யும் நட்டைத் தளர்த்தி அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி சோதியுங்கள். ஹைட்ராலிக் வண்டியில் மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பும் துளை அடைபட்டால் அழுத்தம் குழாயிலேயே தங்கிவிடும். ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியேற்றுவதற்கான பிளீடர் திருகைச் சற்றுத் தளர்த்தும்போது பெடலை யாரும் மிதிக்காமலே எண்ணெய் பீறிட்டால், திருகை இறுக்கிவிட்டு மறுபடியும் நிறுத்திச் சோதியுங்கள். அப்போது ஸ்லிப் இல்லையென்றால் பிளேட்டின் மேல் குற்றமில்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வழுக்கினால் கோளாறு உள்ளேதான். பிளேட் தேய்ந்திருக்கும், அல்லது அதன் மேல் எண்ணெய் பட்டிருக்கும். இரண்டையும் பிரித்தறிய, பெல் ஹவுசிங்கின் அடியில் எண்ணெய் சொட்டுகிறதா என்று பாருங்கள். கந்தக நெடி அடித்தால் அது கியர் ஆயில், இன்புட் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது. கறுத்த எஞ்சின் ஆயிலாக இருந்தால் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல் போயிருக்கலாம், அல்லது எஞ்சினின் மேற்பகுதியிலிருந்து வழிந்து வந்திருக்கலாம். சீலை விட்டுவிட்டுப் பிளேட்டை மட்டும் மாற்றுவது, ஒழுகும் கூரையைச் சரிசெய்யாமல் அதன் கீழ் புதுப் பாய் விரிப்பது போன்றது.

இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை சந்திப்புகளின் நெரிசலில் அரை கிளட்சிலேயே ஊர்ந்ததால் ஒருமுறை மட்டும் கருகல் வாடை வந்திருந்தால் பதற வேண்டியதில்லை. அரை மணி நேரம் வண்டியை ஆற விட்டுப் பிறகு மேற்சொன்ன சோதனையைச் செய்யுங்கள். தேறினால் தொடர்ந்து ஓட்டலாம், ஓட்டும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

கியர் விழ மறுக்கிறது, ரிவர்ஸ் கரகரக்கிறது

எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். அணைத்த நிலையிலும் கடினமாக இருந்தால் கியர் லிவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் இணைப்பையோ கியர்பாக்ஸையோ சந்தேகிக்க வேண்டும். அணைத்தால் இலகுவாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. உறுதிப்படுத்த, எஞ்சினை ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் ஐடிலில் ஓடவிட்டு, பெடலைத் தரை வரை மிதித்து, நான்கைந்து விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். இன்புட் ஷாஃப்ட் சுற்றி ஓய்வதற்கு அந்த இடைவெளி தேவை. ரிவர்ஸுக்கு, பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ இல்லாத கியர்பாக்ஸில் அதற்குப் பிறகும் கரகரப்பு வந்தால் ஷாஃப்ட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சின்க்ரோ உள்ளவற்றில் இந்தக் கரகரப்பு வராது. கியர் விழுந்ததும் பெடலை மிதித்தபடியே வண்டி மெல்ல நகரப் பார்க்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

ஹைட்ராலிக் வண்டியில் பெடலை வேகமாக நான்கைந்து முறை அடித்த பிறகு கியர் இலகுவாக விழுந்தால், குழாயில் காற்று புகுந்திருக்கிறது அல்லது சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்திருக்கிறது. கசிவு எங்கும் இல்லையென்றால் முதலில் ஏர் எடுங்கள், அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் பிளீடர் திருகைத் திறந்து, குமிழோடு எண்ணெய் வெளியேறியதும் மூடிய பிறகே பெடலை விட வேண்டும். திருகு திறந்திருக்கும்போது பெடலை விட்டால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போகும். சில வண்டிகளில் பெடல் தானாக மேலே வராது, கையால் தூக்க வேண்டியிருக்கும். டப்பாவில் மட்டம் தாழாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள்.

கையேட்டில் சொன்ன வகை எண்ணெயையே பயன்படுத்துங்கள். மூடி திறந்து பல மாதம் கிடந்த பாட்டிலைத் தொடாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்ற தரவரையறை, ஈரம் ஏறிய நிலைக்கு 155 டிகிரியே போதும் என்கிறது. அந்த ஈரமே சிலிண்டரின் உட்சுவரையும் அரிக்கிறது. ஆண்டு முழுவதும் கடல் ஈரம் சூழ்ந்த நம் ஊர்களில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த எண்ணெயை முழுதாக மாற்றிவிடுவதே நல்லது. பெயிண்டில் பட்டால் உரிந்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

கேபிள் வண்டியில் ஃப்ரீ பிளே மிகுந்துவிட்டதா என்று பாருங்கள். அளவைச் சரிசெய்தும் பயனில்லையென்றால், ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, பெடல் பொருத்தப்பட்டிருக்கும் தகடு வளைகிறதா, வெல்டிங் விட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் துருவால் இப்படி நேர்வதுண்டு; அங்கே வீணாகும் அசைவு ஃபோர்க்குக்குப் போய்ச் சேர்வதில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு கியர் விழாத வண்டியைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் மழையும், அடுத்து வந்த தென்பெண்ணை வெள்ளமும் இரு ஊர்களிலும் வண்டிகளை மூழ்கடித்தன. பெல் ஹவுசிங்குக்குள் நீர் புகுந்து வடிந்த பின் வண்டி வாரக்கணக்கில் நின்றால், பிளேட்டின் உராயும் மேலடுக்கான ஃபேஸிங் பிளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். பெடல் வழக்கம்போல் இயங்கும், கசிவு இருக்காது, ஆனால் பிளேட் விடாது. எஞ்சினுக்குள் நீர் இல்லை என்று உறுதி செய்யாமல் சாவியைத் திருப்பவே கூடாது. கியர் ஆயிலைச் சிறிது வடித்து, பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் முதலில் மாற்றுங்கள். பிறகு எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, எதிரே நீண்ட வெற்றிடம் உள்ள மைதானத்தில், முதல் கியரில் பெடலை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். வண்டி உடனே நகரும் என்பதை எதிர்பார்த்தே உட்காருங்கள். மிதித்த காலை எடுக்காமல் ஆக்ஸிலரேட்டரைச் சிறிது கொடுத்தும் விட்டும் ஓட்டினால் பிளேட் பெரும்பாலும் விடுபடும். தெருவில் இதைச் செய்ய வேண்டாம். விடுபட்ட பின்னும் அதிர்வு நீடித்தால் ஃபேஸிங்கின் பகுதிகள் பெயர்ந்திருக்கும். அப்போது இறக்கித்தான் ஆக வேண்டும்.

கிளம்பும்போது வண்டி உதறுகிறது

முதல் கியரில் பெடலை விடும்போது வண்டி முழுதும் உதறினால், எஞ்சின் மவுண்டுகளையே முதலில் பாருங்கள். பானெட்டைத் திறந்து, எதிரே யாரும் நில்லாமல், ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொண்டு முதல் கியரில் பெடலை உரசும் இடம் வரை மட்டும் விட, மற்றவர் பக்கவாட்டிலிருந்து எஞ்சினைக் கவனிக்கட்டும். எஞ்சின் ஒரு பக்கம் துள்ளி எழுந்தால் மவுண்ட் ரப்பர் அறுந்திருக்கிறது; அதை மாற்றினாலே உதறல் நிற்கக்கூடும். மவுண்டுகள் உறுதியாக இருந்தால் பிளேட்டில் எண்ணெய், பிளைவீலில் வெப்பத் திட்டுகள், பிளேட்டின் நடுவிலுள்ள ஸ்பிரிங்குகளின் தளர்வு ஆகியவை காரணமாகலாம்; இவற்றை இறக்கிப் பார்த்துத்தான் பிரித்தறிய முடியும்.

ஒலி

நியூட்ரலில் எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பெடலை மிதித்ததும் கிரீச்சென்றோ உறுமலாகவோ ஒலி தொடங்கினால் அது ரிலீஸ் பேரிங். மாறாக, பெடலை விட்டிருக்கும்போது ஒலி இருந்து, மிதித்ததும் நின்றுவிட்டால், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். கிளட்ச் செட்டை மாற்றினால் இந்த ஒலி போகாது. இரு பகுதிகளை ஸ்பிரிங்குகளால் இணைத்த டியூவல் மாஸ் பிளைவீல் உள்ள வண்டியில் ஐடிலில் கடகடப்பும் அணைக்கும்போது ஓர் இடிப்பும் கேட்டால் அந்தப் பிளைவீலையே சோதிக்கச் சொல்லுங்கள்.

பெடல் கடினமாக இருக்கிறது, அல்லது தரையிலேயே தங்கிவிடுகிறது

கேபிள் வண்டியில் கடினம் என்றால் கேபிளின் ஃபோர்க் முனையைக் கழற்றிப் பெடலை மிதித்துப் பாருங்கள். அப்போதும் இழுவை கடினமாக இருந்தால் கேபிளும் பெடலும், இலகுவாகிவிட்டால் ஃபோர்க்கின் தண்டோ பிரஷர் பிளேட்டோ காரணம். பெடல் மேலே வராமல் தரையிலேயே கிடந்தால் ஹைட்ராலிக் வண்டியில் எண்ணெய் வெளியேறியிருக்கும், கேபிள் வண்டியில் கேபிள் அறுந்திருக்கும்.

கியர்பாக்ஸ் இறங்கிய பிறகு

வண்டியை ஜாக்கின் மேல் மட்டும் நிறுத்தி அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டுகள் வைத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டே தொடங்க வேண்டும். பழைய பிளேட்டின் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாதீர்கள். பழைய ஃபேஸிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம் என்பதால் முகக்கவசத்தோடு ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே பாதுகாப்பு.

பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். ஒரே பக்கமாகக் கழற்றினால் மூடி வளைந்துவிடும். ஃபேஸிங்கின் மேற்பரப்புக்கும் ரிவெட்டின் தலைக்கும் இடையே உள்ள ஆழத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள். அது 0.3 மி.மீ. அளவுக்கு இறங்கியிருந்தால் பல கையேடுகள் பிளேட்டை மாற்றச் சொல்கின்றன, சில 0.5 மி.மீ.யிலேயே சொல்கின்றன. டயஃப்ரம் விரல்களின் முனைகள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பேரிங் பட்டு அவற்றில் பள்ளம் விழுந்திருந்தால் பிரஷர் பிளேட்டும் போக வேண்டியதே. ரிலீஸ் பேரிங்கை மட்டும் எந்நிலையிலும் மறுபடி மாட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதன் விலை, கியர்பாக்ஸை இன்னொரு முறை இறக்கும் கூலிக்கு ஈடாகாது.

பிளைவீலைத் தவிர்த்துவிட்டுச் செல்லும் பட்டறைகள் உண்டு, அதை ஏற்க வேண்டாம். நீலம் பூத்த திட்டுகளும் நுண்ணிய வெடிப்புகளும் இருந்தால் லேத்தில் முகம் எடுக்க வேண்டும், அதாவது உராயும் பரப்பைச் சீவிச் சமமாக்க வேண்டும். முகத்தைச் சுற்றிப் படி உள்ள பிளைவீலில் படியின் உயரம் மாறாமல் இரண்டு பரப்பையும் சம அளவு எடுக்க வேண்டும். வெடிப்பு ஆழமாக இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். டியூவல் மாஸ் பிளைவீலை லேத்துக்குக் கொடுக்கக் கூடாது. கிராங்க் சீலும் இன்புட் ஷாஃப்ட் சீலும் ஈரமாக இருந்தால் இப்போதே மாற்றுங்கள்.

புதிய பிரஷர் பிளேட்டின் மேல் துருத் தடுப்பு எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் அதை முற்றிலும் துடைத்துவிட்டு, கையில் கிரீஸ் இல்லாமல் பிளேட்டைப் பிடியுங்கள். பிளைவீல் பக்கம் எது என்று பிளேட்டிலேயே குறித்திருக்கும். பிளேட்டின் நடுத்துளை கோக்கும் இன்புட் ஷாஃப்டின் ஸ்பிலைன் பற்களில் வெப்பம் தாங்கும் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவி, மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். கூடினால் சுழற்சியில் தெறித்து ஃபேஸிங்கைக் கெடுக்கும். சென்டரிங் தண்டு கொண்டு பிளேட்டை நடுவில் நிறுத்தி, போல்ட்டுகளை எதிரெதிராகப் படிப்படியாக இறுக்கி, டார்க் ரெஞ்சால் கையேட்டின் அளவுக்கு முடியுங்கள். கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் எடை இன்புட் ஷாஃப்டின் மேல் தொங்கக் கூடாது. நேராக உள்ளே போகாவிட்டால் மறுபடி நடுப்படுத்திப் பாருங்கள். போல்ட்டை இறுக்கி இழுத்துச் சேர்க்க முயன்றால் புதுப் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்து, மாட்டிய அன்றே கியர் விழாத வண்டியாகிவிடும்.

வடித்த கியர் ஆயிலின் அளவுக்குப் புதியதை ஊற்றி, கேபிளின் ஃப்ரீ பிளேயைச் சரிசெய்து அல்லது ஏர் எடுத்து, எஞ்சின் ஓடாதபோதே எல்லாக் கியரும் விழுகின்றனவா என்று பார்த்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ரிவர்ஸ் சோதனையையும் நான்காவது கியர் சோதனையையும் வண்டியைப் பட்டறையிலிருந்து திரும்பப் பெறுவதற்கு முன் பட்டறைக்காரரை அருகில் உட்கார வைத்துக்கொண்டே செய்யுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு ஃபேஸிங் பிளைவீலோடு படிய வேண்டும். அதுவரை பாரம் ஏற்றி ஏற்றத்தில் கிளம்புவதையும், நேரு வீதி நெரிசலில் அரை கிளட்சில் நிற்பதையும் தவிருங்கள். அதன் பிறகு கேபிளின் அளவை ஒருமுறை மறுபடி பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும்.